திறந்ததாகக் கருதப்படும்

ஜன்னல் ஓர இருக்கை என்று சீட்டில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும் அந்த விமான நிறுவனம், இருக்கையைக் கொடுக்கிறதே தவிர ஜன்னலைக் கொடுப்பதில்லை. இந்த நுட்பமான வித்தியாசம் லிப்ட்காரருக்கு விமானம் மேலே கிளம்பும்வரை தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஒரு நாள் காத்திருந்து வேறு விமானத்தில் வந்திருப்பார்.

லிப்ட்காரர் என்றால் லிப்டை ஓட்டுபவர் இல்லை, பழுது பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. வெளிநாட்டில் ஓர் உயரமான கட்டடத்துக்கு லிப்ட் பொருத்தும் வேலைக்குப் போய், இரண்டு வருஷம் கழித்து இன்றுதான் ஊர் திரும்புகிறார். பொய் பேசாதவர் என்று அவருக்கு நல்ல பெயர் உண்டு. அது ஒழுக்கத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. பொய்க்கு வேண்டிய கற்பனை அவரிடம் கிடையாது. "எங்கண்ணன்கிட்ட போன ஊரு எப்படி இருக்குன்னு கேட்டுப் பாருங்க, வெயில் அடிக்குதுன்னு சொல்லுவாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது" என்று அவருடைய தங்கை பார்ப்பவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொள்வாள்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு காதல் வந்தது. வந்திருக்கிறது என்பதே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. விமான நிலையத்துச் சுவருக்கு இந்தப் பக்கம், ஓடுபாதை தொடங்கும் இடத்தில், விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக் கடை ஒன்று இருக்கிறது. கீழே இயந்திரங்கள், மொட்டை மாடியில் கொடிகள், ஈரத் துணியை மேலே ஏற்ற ஒரு சாமான் லிப்ட். கடைக்காரம்மாவும் கணவரை இழந்தவர். அந்த லிப்ட் பழுது என்று ஒரே மாதத்தில் நான்கு முறை போன் வந்தது. நான்கு முறையும் லிப்ட் நன்றாகவே ஓடியது. லிப்ட்காரர் நான்கு முறையும் 'பழுது ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த முறை, "பழுது இல்லேன்னா வரக்கூடாதா?" என்று கடைக்காரம்மா கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது.

வெளிநாடு கிளம்புமுன் கல்யாணப் பேச்சை எடுத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்ன கடைக்காரம்மா இரண்டு வருஷமும் யோசித்தார். ஊர் திரும்பும் தேதியைச் சொல்ல இவர் போன் செய்தபோதுதான் மனசைத் திறந்தார்.

"நீங்க நல்லவரு. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா உங்ககிட்ட பேசறது லிப்ட்ல போற மாதிரி இருக்கு. மேல, கீழ, அவ்வளவுதான். மிச்ச காலத்தை அதுலயே ஓட்ட முடியுமான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"எப்ப சொல்லுவீங்க?"

"நீங்க வர்ற அன்னிக்கு. விமானம் எங்க மாடிக்குப் பக்கத்துலதான் இறங்கும். கொடியில மஞ்சள் விரிப்பு காய்ஞ்சா நேரா இங்க வாங்க. வெறும் வெள்ளையா காய்ஞ்சா உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுங்க."

"நேர்லயே வந்து கேட்டுக்கறேனே."

"நேர்ல வந்து நின்னா எனக்கு இல்லைன்னு சொல்ல வராது. கடையில பாதி வாடிக்கை அப்படிச் சேர்ந்ததுதான். வேண்டாம். மேல இருந்தே பாத்துக்குங்க."

லிப்ட்காரர், இறங்கும்போது அந்த மாடி எந்தப் பக்கம் வரும் என்று நாலு பேரிடம் விசாரித்து, இடப்பக்கத்து ஜன்னல் ஓரத்தை வாங்கினார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

இந்த இடத்தில் விமான நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்பு ஒரு சமயம் அதன் விமானத்தில் இரண்டு பயணிகள் ஜன்னல் திரைக்காகச் சண்டை போட்டார்கள். ஒருவர் ஏற்றினார், மற்றவர் இறக்கினார். பணிப்பெண் ஒருத்தி வந்து, "கொஞ்ச நேரம் அவரு, கொஞ்ச நேரம் நீங்க" என்றாள். சண்டை அதோடு முடிந்தது. ஆனால் விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. முடிந்துபோன சண்டையைத் தீர்த்துவைக்க ஒரு குழு போட்டார்கள். குழு ஜன்னலே இல்லாத ஓர் அறையில் ஒரு வருஷம் உட்கார்ந்து 'ஜன்னல் திரை நல்லிணக்க நெறிமுறை' என்ற ஒன்றைப் பெற்றெடுத்தது. அதன்படி எல்லாத் திரைகளும் மூடியே இருக்கும். திறக்க ஆசைப்படுபவர் 'ஒளி நாட்டத்தார்'. ஆசைப்படாதவர் 'இருள் நாட்டத்தார்'. எதிலும் சேராமல் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு நெறிமுறையில் இடமில்லை.

லிப்ட்காரருக்குப் பக்கத்தில், நடு இருக்கையில், ஒருவர் கண்ணுக்குக் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம், நடைபாதை ஓரத்தில், ஒரு பல் டாக்டரம்மா. 'திறங்க' என்றால் திறக்காதவர்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் லிப்ட்காரர், வெளியே எப்படித் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள, திரையை இரண்டு விரற்கடை ஏற்றினார். எங்கோ மெல்லிய மணி ஒன்று அடித்தது. மார்பில் 'திரை நல்லிணக்க அலுவலர்' என்று வில்லை குத்திய இளைஞர் ஒருவர் வந்து கைகூப்பினார்.

"வணக்கம் சார். நீங்க இப்ப ஒரு ஒளிச் செயல்ல ஈடுபட்டிருக்கீங்க."

"ஜன்னலைத் திறந்தேன்."

"அதத்தான் சார் சொல்றேன்." இறந்துபோனவரின் இமையை மூடுகிற மரியாதையோடு அவர் திரையை இறக்கினார். "உங்க மேல தப்பில்ல. ஆசை எல்லாருக்கும் வர்றதுதான். அதை முறையா வெளிப்படுத்தணும், அவ்வளவுதான். உங்க வரிசை, முன் வரிசை, பின் வரிசை, எதிர் வரிசை, நாலும் சம்மதிச்சா நாங்க குறுக்க நிக்க மாட்டோம்."

"எதிர் வரிசை எதுக்கு?"

"வெளிச்சத்துக்கு வரிசை தெரியாதில்லையா சார்."

பல் டாக்டரம்மா அப்போதே கையைத் தூக்கிச் சம்மதித்தார். தூங்குபவரிடம் வந்து விஷயம் முட்டிக்கொண்டு நின்றது.

"எழுப்பிக் கேட்டுடலாமே" என்றார் லிப்ட்காரர்.

"எழுப்பறது வேற பிரிவு சார். உறக்க நல்லிணக்கம். அவங்க இந்த விமானத்துல இல்ல. கண்ணைக் கட்டியிருக்காரு, அதனால இருள் நாட்டத்தார்னு எடுத்துக்கறோம்."

"தூங்கறவரு ஓட்டுப் போடறாரா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"போடலை மேடம். அதனாலதான் அவர் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். பேசி மனசை மாத்த முடியாது பாருங்க."

இறங்கும்போது திறந்தால் போதும், அதுவரை மூடியே கிடக்கட்டும் என்று லிப்ட்காரர் கெஞ்சிப் பார்த்தார். இளைஞருக்கு மனசு இளகிவிட்டது. இளகியதால், விஷயத்தைத் தன்னளவில் முடிக்காமல் மேலிடத்துக்கு அனுப்பினார்.

சமரச அமர்வு விமானத்தின் பின்பக்கம், சாப்பாட்டு வண்டிகள் நிற்கும் சந்தில் கூடியது. நாலு வரிசைக்காரர்களும் வந்தார்கள். நல்லிணக்கத்தின் மேல் பற்று என்பதைவிடக் கால் மரத்துப்போனதுதான் காரணம். தலைமை நல்லிணக்க அலுவலர், மூடிய ஜன்னல் வடிவத்தில் பித்தளைச் சின்னம் குத்திய கழுத்துப் பட்டையோடு வந்து நின்று, முதலில் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். பிறகு ஒவ்வொருவரும் ஜன்னலோடு தமக்கு இருக்கும் உறவைப் பற்றி மனம் விட்டுப் பேச வேண்டும் என்றார். அது நெறிமுறையின் உயிர்நாடி என்றார்.

முன் வரிசைக்காரர் ஒருவர், சின்ன வயதில் ஜன்னல் கம்பிக்கு நடுவே தலையை விட்டு மாட்டிக்கொண்டதையும், கம்பியை அறுத்த பிறகுதான் தலை வந்ததையும் சொன்னார். கைதட்டினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், ஜன்னல் என்றாலே துடைக்கிற வேலைதான் ஞாபகம் வருகிறது என்றாள். அவளுக்கும் கைதட்டினார்கள். லிப்ட்காரர் முறை வந்தது.

"நான் வேலை செய்யற இடத்துல ஜன்னல் கிடையாது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

யாரும் கைதட்டவில்லை. இன்னும் ஆழமாக எதிர்பார்க்கிறோம் என்றார் தலைமை அலுவலர்.

"அட, வாயத் திறங்க. எதுக்குத் திறக்கணும்னு சொன்னாத்தானே தெரியும்" என்று டாக்டரம்மா அவர் முழங்கையை இடித்தார்.

அவர் சொன்னார். ஒரு சலவைக் கடை, ஒரு மாடி, மஞ்சளா வெள்ளையா என்பது. நாலே வாக்கியம். சந்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எதிர் வரிசையிலிருந்து வந்த முரட்டு மீசைக்காரர், "என் ஜன்னலையும் திறங்கய்யா" என்றார். சம்மதம் மழையாகக் கொட்டியது. தலைமை அலுவலரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்துப் பேச ஆரம்பித்தார்.

"இவ்வளவு உருக்கமான கோரிக்கையை என் பணிக்காலத்துல நான் கேட்டதில்ல. அதனாலதான் இதுல அவசரப்படக் கூடாதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் பேருக்கு எங்க பிரிவு எதுக்குன்னே புரியறதில்ல. முன்ன வருஷத்துக்கு நாலு திரைச் சண்டை வரும். கவனிக்க ஆளே கிடையாது. இன்னிக்கு முந்நூறு பேர் வேலை செய்யறோம். பிரச்சினை எவ்வளவு பெருசா இருந்திருக்குன்னு இதுலயே தெரியலையா? பயணிங்க ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போடறதை நாங்க அடியோட நிறுத்திட்டோம். இப்ப எல்லாரும் எங்களோடதான் சண்டை போடறாங்க. இதுக்குப் பேருதான் நல்லிணக்கம். என்னையே எடுத்துக்குங்க. இருபது வருஷமா பறக்கறேன், ஒரு தடவைகூட வெளியே எட்டிப் பாத்ததில்ல. பாத்தா பிடிச்சுப் போயிடுமோன்னு பயம். பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் நடுநிலை எங்க இருக்கும்?"

இதற்கும் சிலர் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

தீர்ப்பு சாதகமாகவே வந்தது. லிப்ட்காரர் கால் பங்கு திறந்துகொள்ளலாம். ஆனால் உணர்ச்சிவசப்பட்டுச் சம்மதித்தவர்கள் நிதானத்துக்கு வந்து மனசு மாறக்கூடும் என்பதால், ஆறப்போடும் அவகாசம் முடிந்த பிறகே அனுமதி நடைமுறைக்கு வரும்.

"அதுக்குள்ள விமானமே இறங்கிடுமே" என்றார் டாக்டரம்மா.

"இறங்கினாலும் அனுமதி செல்லும் மேடம். அது அவர் பேர்லயேதான் இருக்கும். யாரும் பிடுங்க முடியாது."

லிப்ட்காரர் இருக்கைக்குத் திரும்பி, தூங்குபவரின் முழங்கால்களைத் தாண்டி உட்கார்ந்தார். தாண்டுகிற சாக்கில், விழிக்கட்டும் என்று அவர் காலை ஒரு மிதி மிதித்தும் பார்த்தார். மனிதர் அசையவில்லை. அவர் கழுத்தை நெரிக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படியெல்லாம் நினைப்பது லிப்ட்காரருக்கு வழக்கமில்லை.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. விமானம் இறங்கப்போகிறது, பாதுகாப்பு விதிகளின்படி எல்லா ஜன்னல் திரைகளும் திறந்திருக்க வேண்டும் என்றது விமானியின் குரல். ஒரு விதியின் மேல் லிப்ட்காரருக்கு இத்தனை பாசம் அதற்குமுன் வந்ததில்லை. திரையைப் பிடித்து மேலே தள்ளினார். நகரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். எங்கோ ஒரு பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் மொத்தமாகப் பூட்டியிருந்தார்கள். டாக்டரம்மா தூங்குபவரின் மேலாகக் கையை நீட்டி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற வேகத்தோடு நகத்தைக் கொடுத்து இழுத்தார். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

இளைஞர் ஓடிவந்தார். "பதறாதீங்க சார். பாதுகாப்பு விதி திறந்திருக்கணும்னு சொல்லுது. நெறிமுறை மூடியிருக்கணும்னு சொல்லுது. ரெண்டும் எங்க விதிதான். ஒண்ணை மதிச்சு ஒண்ணை மதிக்கலைன்னா மனஸ்தாபம் வந்துடும். அதனால எல்லாத் திரையும் இப்ப திறந்ததா கருதப்படும்."

"மூடியிருக்கே."

"கண்ணுக்கு அப்படித் தெரியுது சார்."

ஒலிபெருக்கி மறுபடி பேசியது. திரைகள் திறந்துள்ளன, இடப்பக்கம் உள்ளவர்கள் நகரத்தின் அழகிய காட்சியைக் கண்டு மகிழலாம் என்றது. சிலர் நிஜமாகவே திரும்பி, மூடிய திரைகளைப் பார்த்தார்கள். முன்னால் ஒருவர் போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

அடிவயிற்றுக்குக் கீழே சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. லிப்ட்காரர் திரையில் கன்னத்தை வைத்தார். இதோ நெடுஞ்சாலை, இதோ தண்ணீர்த் தொட்டி, இதோ மாடி என்று மனசு கணக்குப் போட்டது. ஒரு விரல் கனம்கூட இல்லாத பிளாஸ்டிக் தகட்டுக்கு அந்தப் பக்கம் தன் மிச்ச வாழ்க்கை கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது, அது மஞ்சளா வெள்ளையா என்று தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. சக்கரம் தரையில் மோதியது.

அந்தக் குலுக்கலில் பக்கத்து இருக்கைக்காரர் விழித்துக்கொண்டு, கண்பட்டியைக் கழற்றினார்.

"வந்தாச்சா? ஏன் சார் ஜன்னலை மூடியே வச்சிருக்கீங்க? எனக்கு மூடியிருந்தா மூச்சு முட்டும். அந்தக் கருமத்தைப் பாக்கக் கூடாதுன்னுதான் கண்ணையே கட்டிட்டுத் தூங்கறேன்."

டாக்டரம்மா பல்லைக் கடித்தார்.

விமானம் கட்டடத்தோடு ஒட்டி நின்று, பாதிப் பேர் இறங்கிய பிறகு இளைஞர் மூச்சிரைக்க வந்தார். அவகாசம் முடிந்துவிட்டதாம், யாரும் மனசு மாறவில்லையாம். திரையைத் தன் கையாலேயே கால் பங்கு ஏற்றினார். சாம்பல் நிறச் சுவர் ஒன்று தெரிந்தது. தலைமை அலுவலர் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாழ்த்துகள் என்று கைகுலுக்கினார்.

வெளியே வாடகைக் கார் வரிசையில் லிப்ட்காரர் நெடுநேரம் நின்றார். மஞ்சள் என்றால் கடைக்கு, வெள்ளை என்றால் தங்கை வீட்டுக்கு. பார்க்கவே இல்லை என்றால் எங்கே என்று கடைக்காரம்மா சொல்லவில்லை. போய் நின்றால், இல்லை என்று சொல்ல வராதவரின் வாயைக் கட்டியதுபோல் ஆகிவிடும். போகாவிட்டாலோ, நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்போதுதான் பெட்டி நிறைய அழுக்குத் துணி இருப்பது ஞாபகம் வந்தது. சலவைக் கடைக்கு அழுக்குத் துணியோடு யார் வேண்டுமானாலும் போகலாம்.

கடைக்காரம்மா கல்லாவுக்குப் பின்னால் நின்று தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன கறை?"

"கறை இல்ல. அழுக்குதான்."

"நாளன்னிக்கு வாங்க."

அலமாரியில் மஞ்சள் விரிப்பு ஒன்று மடித்தபடி இருந்தது. கொடியில் கிடந்து வந்ததா, கொடிக்கே போகாததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. லிப்ட்காரர் துணி மூட்டையைப் பிடித்தபடியே நின்றார்.

"அது... இன்னிக்குக் காய்ஞ்சுதா?"

"காய்ஞ்சுது. எடுத்து மடிச்சாச்சு." இஸ்திரிப் பெட்டி டக்கென்று உட்கார்ந்தது. "வேலையெல்லாம் விட்டுட்டு மாடியில கொடிக்கம்பத்தைப் பிடிச்சிட்டு நிக்கறேன். விமானம் வந்துச்சு. ஜன்னல் ஜன்னலா எண்ணலாம், அவ்வளவு கிட்ட. ஒரு ஜன்னல் திறக்கல. சரி, மனுஷனுக்கு இப்ப இஷ்டமில்ல, வாயால சொல்ல மனசு வராம இப்படிச் சொல்லிட்டாருன்னு இறங்கி வந்துட்டேன்."

"எல்லா ஜன்னலையும் நானா மூடுவேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? உங்க ஜன்னலும் அதுல ஒண்ணுதானே."

லிப்ட்காரர் மூட்டையைக் கீழே வைத்தார். பேச ஆரம்பித்தார். அடித்த மணியிலிருந்து ஆரம்பித்து, ஒளி நாட்டத்தார், இருள் நாட்டத்தார், தூங்குகிறவரின் ஓட்டு, சாப்பாட்டு வண்டிச் சந்தில் கம்பியில் மாட்டிய தலை, இருபது வருஷம் எட்டிப் பார்க்காதவர் என்று ஒன்று விடாமல் சொன்னார். வாழ்க்கையில் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. உறக்க நல்லிணக்கப் பிரிவு வந்த இடத்தில் கடைக்காரம்மாவின் உதடு துடித்தது. மூடிய ஜன்னலை ஒருவர் போட்டோ எடுத்த இடத்தில் அவரால் நிற்க முடியவில்லை. விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும், போதும். காதுல பூ சுத்தறதுன்னா ஒரு பூ, ரெண்டு பூ சுத்துவாங்க. நீங்க தோட்டத்தையே கொண்டாந்துட்டீங்க."

"நிஜமாத்தான்."

"மூடின ஜன்னலைத் திறந்ததா நினைச்சுக்கணுமாம். இப்படி ஒரு கம்பெனி இருக்குமா உலகத்துல? தூங்கிட்டீங்க, அவ்வளவுதானே? அதைச் சொல்ல வெக்கப்பட்டு, வழியெல்லாம் உக்காந்து இத்தனையும் யோசிச்சீங்களா? எனக்காகவா?" கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த கண்ணீர் கொஞ்சம், மற்றது வேறு. "இத்தனை பேசத் தெரிஞ்ச மனுஷனா நீங்க? எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா?"

தான் சொன்னதில் ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை என்று சொல்ல லிப்ட்காரர் வாயெடுத்தார். சாட்சிக்கு டாக்டரம்மா இருக்கிறார், இறங்கும்போது கொடுத்த போன் நம்பரில் இப்போதே கூப்பிட்டுக் கேட்கலாம். கடைக்காரம்மா அதற்குள் தேநீர் போட உள்ளே போயிருந்தார்.

"அந்தத் தூங்கினவரு கதையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கேக்கக் கேக்கச் சிரிப்பா வருது."

லிப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவரா?" என்றார். "அவரு குறட்டை விடறதுக்குத் தனியா ஒரு அனுமதி வாங்கிட்டு வந்திருந்தாரு."

அது மட்டும் பொய்.